புரூனோவின் மூட்டு மாத்திரை

லூமுட்டிலிருந்து வந்த சதாசிவம் இரண்டாவது முறையும் தன் பெண் நாயை இணை சேராமலே திரும்ப வண்டியில் ஏற்றினார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேசத் தெரியாதவர். பின்கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்.

"ஒங்க நாய்க்கு என்னமோ ஆயிருச்சு மகேன். போன தடவையாவது வந்து மோந்து பாத்துச்சு. இந்தத் தடவ அது பாட்டுக்குப் போயி நெழல்ல படுத்துக்கிச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்க லா."

மகேந்திரன் சிரித்து மழுப்பினான். வண்டி போன பிறகு மாமரத்தடியில் மூச்சிரைத்துக் கிடந்த புரூனோவைப் பார்த்தான். ஈப்போவில் புரூனோவின் குட்டிகள் இல்லாத குடியிருப்புத் தாமான் இல்லை. நல்ல ஜெர்மன் ஷெப்பர்டு என்று ஆட்கள் வீடு தேடி வருவார்கள். அதே நாய்க்கு இப்போது வயிறு தொங்கியது. இரண்டு விலாவிலும் ஒரே அளவாக முடி கொட்டி, தோல் சாம்பலாகத் தெரிந்தது. தண்ணீர்ச் சட்டியை நிரப்பி வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் காலியாகிவிடும். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தான். ஆனால் புரூனோவுக்கு இன்னும் ஏழு வயதுகூட ஆகவில்லை.

மகேந்திரனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. இப்போது சிம்பாங் பூலாயில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மண்வாரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறான். மனைவி தினேஸ்வரி பாலர் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். அந்த வருடம் வீட்டில் வெளியே சொல்லும்படியான சண்டை எதுவும் இல்லை. மகேந்திரன் ஹாலில் இருந்த சோபாவில் படுக்கத் தொடங்கியிருந்தான், அவ்வளவுதான். தூக்கம் வருவதில்லை, புரண்டு புரண்டு அவளையும் எழுப்பிவிடுகிறேன் என்று காரணம் சொன்னான். அது பாதி உண்மை.

அந்தச் சனிக்கிழமை புரூனோவை டாக்டர் சிகப்பியிடம் கூட்டிப்போனான். ஈப்போவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த நகரத்தார் குடும்பத்துப் பெண் அவர். கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லாரும் வேடிக்கை என்று நினைத்தார்களாம். கேள்வி கேட்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, மாடிப்படி ஏறுகிறதா, சாப்பாட்டுக்குப் பறக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே புரூனோவின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது.

பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது முன்னாடி இப்படியா இருந்துச்சு?"

"எது டாக்டர்?"

"வெதை. சுருங்கிப் போயி கோலிக்குண்டு மாதிரி இருக்கு பாருங்க. இவ்வளவு குட்டி போட வச்ச நாய்க்கு இது இப்படி இருக்கக் கூடாதே."

மகேந்திரன் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தான்.

"கார்ட்டிசோல்னு ஒரு ஹார்மோன் இருக்கு," என்றார் சிகப்பி. "சிறுநீரகத்துக்கு மேல தொப்பி கவுத்த மாதிரி ரெண்டு சுரப்பி. அதுலேருந்து வர்றது. அளவா இருந்தா உசுர காப்பாத்தும். அளவு மீறுனா வயிறு தொங்கும், முடி கொட்டும், தண்ணி தவிக்கும், தோலு மெலியும். ஆம்பள நாயா இருந்தா இதுவும் சுருங்கும். ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

ஓர் ஊசி போட்டார். ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் பரபரப்பு இருந்தது.

"வேல முடிஞ்சதும் கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன். விசித்திரமா இருக்கு."

மகேந்திரன் குவாரிப் புழுதியோடு போய் நின்றான். சிகப்பி காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"கார்ட்டிசோல் எக்கச்சக்கமா இருக்கும்னு தேடுனேன். இங்க ஒன்னுமே இல்ல. ஊசி போட்டுச் சுரப்பிய தட்டி எழுப்பியும் அசையல. நாயப் பாத்தா அதிகம்னு சொல்லுது, ரத்தம் இல்லவே இல்லனு சொல்லுது. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்?"

"தெரியலியே டாக்டர்."

"ஒரு வழிதான் இருக்கு. அதே மாதிரி வேல செய்யற மருந்து வெளியில இருந்து உள்ள போகுது. வெளியிலேருந்து வந்துக்கிட்டே இருந்தா, நமக்கென்ன வேலனு சுரப்பி தூங்கிரும். என்ன குடுக்கறீங்க இதுக்கு?"

"ஒன்னும் குடுக்கலியே. சோறு, கோழி, பிஸ்கட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை. பாதிதான். சார்டின் மீன்ல வச்சு குடுப்பேன்."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதல. எனக்கு வாங்குனது."

புரூனோ பின்னங்காலை இழுத்து நடக்க ஆரம்பித்தபோது மகேந்திரனுக்குத் தன் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. இயந்திரத்துக்கு அடியில் குந்திக் குந்தி அவன் முழங்கால் தேய்ந்திருந்தது. சுங்காயில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனி அண்ணன் ஒரு மாத்திரை கொடுத்தார். முழுக்க மூலிகை என்றார். இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. மனுஷனுக்கே இப்படிக் கேட்கிற மருந்து நாய்க்குக் கேட்காதா என்று பாதியை உடைத்துக் கொடுத்தான். புரூனோவும் ஓடத் தொடங்கியது. அந்த நாளில் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

சிகப்பி இப்போது நாயை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். கன்னம் உப்பி வட்டமாகிப்போன முகம். பிடரிக்குக் கீழே சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சதை. முன்கையில் அங்கங்கே கன்றிப்போன ஊதாத் திட்டுகள்.

"நீங்க இன்னும் போடறீங்களா?"

"டெய்லி. முழுசா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

"நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது. பாத்தா என் லைசென்ச புடுங்கிருவாங்க," என்று சொன்னார். சொன்னவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "குந்துனா கையூனாம எந்திரிக்க முடியுதா?"

"முடியல. தொடையில தெம்பில்ல. ஆனா முழங்கால் வலிக்கல."

"முகம் மழிக்கறது?"

மகேந்திரன் தாடையைத் தடவினான். ஒரு காலத்தில் தினமும் மழித்தாலும் சாயங்காலத்துக்குள் சொரசொரவென்று வந்துவிடும். இப்போது வாரம் ஒரு முறை போதும். அதை அவன் ஒரு குறையாகவே எண்ணியதில்லை.

"இதுக்கும் அந்த மாத்திரைக்கும்..."

"சம்பந்தம் இருக்கு. மூளைக்கு அடியில பிட்யூட்டரினு ஒரு சின்ன சுரப்பி. அங்கேருந்து வெதைக்கு உத்தரவு வரும், டெஸ்டோஸ்டிரோன் செய்னு. இந்த மாதிரி மருந்து ஒடம்புல நெறஞ்சா அந்த உத்தரவு அடங்கிரும். வெதையையும் நேரா அமுக்கும். முடி கொறையும், தெம்பு கொறையும், ஆசை கொறையும். நாய்க்கும் இதே பாதைதான், மனுஷனுக்கும் இதே பாதைதான்."

ஆசை கொறையும் என்பதை அவர் மற்றவற்றைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். மகேந்திரனுக்குக் காது சூடாகியது.

"ஒன்னு மட்டும் கேட்டுக்குங்க. புரூனோவுக்கு இத டக்குனு நிறுத்தக் கூடாது. தூங்கற சுரப்பி முழிக்கற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். நான் மருந்து தர்றேன். நீங்களும் நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரைய கையில எடுத்துட்டுப் போங்க."

அவன் தலையாட்டினான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்குள் இரண்டு நினைப்புகள் மாறி மாறி வந்தன. ஒன்று, இத்தனை நாளாகத் தன்னிடம் ஏதோ தீர்ந்துபோய்விட்டது என்று ஒளித்து வைத்திருந்ததற்கு ஒரு பெயரும் பாதையும் இருக்கிறது என்ற வியப்பு. இன்னொன்று, அதை நாயின் வாலைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்களே என்ற வெட்கம். வெட்கம்தான் ஜெயித்தது. தினேஸ்வரியிடம் நாய்க்கு ஹார்மோன் கோளாறு என்று மட்டும் சொன்னான். மாத்திரைப் பையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தான். புரூனோவுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு பிசகாமல் மருந்து கொடுத்தான்.

முதலில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. அந்த நேரம் பார்த்துக் குவாரியில் ஒரு காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்தது, அவனுக்கும் தொற்றியது. பட்டறையில் ஒரு ஹைட்ராலிக் குழாயைக் கழற்றப் போனவன் ஸ்பானர் கையில் இருக்கும்போதே சாய்ந்தான்.

தினேஸ்வரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது அவன் அவசரப் பிரிவில் கிடந்தான். ரத்த அழுத்தம் ஏறவேயில்லை. குளுக்கோஸ் பாட்டில்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பணியில் இருந்த இளம் டாக்டர் அவளிடம் மலாயில் கேட்டார்: தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?

"ஒன்றும் இல்லை," என்றாள் அவள். தான் சொல்வது உண்மை என்றே நம்பினாள்.

மகேந்திரன் கண்ணைத் திறக்காமலே முனகினான். "புரூனோவுக்கு... புரூனோவுக்கு குடுக்கறத எனக்கும் குடுக்கச் சொல்லு."

டாக்டர் யார் புரூனோ என்று கேட்டார். நாய் என்று அவள் சொன்னதும், பிதற்றுகிறார் என்பதுபோலத் தாதியைப் பார்த்தார். தினேஸ்வரிக்கு அப்படித் தோன்றவில்லை. பிதற்றும்போதுகூட இந்த மனிதன் இப்படி ஒரு பேச்சுப் பேசமாட்டான். அவள் கைத்தொலைபேசியை எடுத்து டாக்டர் சிகப்பியின் கிளினிக்கைக் கூப்பிட்டாள்.

"ஐயோ, நிறுத்திட்டாரா?" என்றார் சிகப்பி, அவன் விழுந்ததைக் கேட்டதுமே. "அங்க இருக்கற டாக்டர்கிட்ட போன குடுங்க. இப்பவே."

அந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. தினேஸ்வரி பக்கத்தில் நின்று கேட்டாள். நீங்கள் எந்த மருத்துவமனை என்று இளம் டாக்டர் கேட்டார். நான் கால்நடை மருத்துவர் என்று பதில் வந்தது. பிறகு சிகப்பி வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்: ஸ்டீராய்டு கலந்ததாக நான் சந்தேகப்படும் மாத்திரை, இரண்டு வருடம், திடீரென்று நிறுத்தியிருக்கிறார், நாயின் சுரப்பி முழுக்க அடங்கிப்போயிருக்கிறது, இவருடையதும் அப்படித்தான் இருக்கும். அவர் முடிப்பதற்குள்ளேயே இளம் டாக்டர் தாதியிடம் திரும்பி கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி கேட்டுவிட்டார். தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்கள் நாய் டாக்டரிடம் நன்றி சொல்லுங்கள்," என்றார். கேலி இல்லாமல்தான் சொன்னார்.

மறுநாள் மகேந்திரன் எழுந்து உட்கார்ந்து ஒரு கோப்பை மைலோ குடித்தான். தினேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாய்க்கு என்னானு எனக்குச் சொன்னீங்க. ஒங்களுக்கு என்னானு சொல்லல."

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

அவன் சொன்னான். மாத்திரையிலிருந்து ஆரம்பித்து வாலைத் தூக்கிப் பார்த்தது வரை சொல்லிவிட்டு, தன்னைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆசை என்ற ஒன்றே எழுவதில்லை என்றான். அதைவிட, எழவில்லையே என்ற கவலைகூடச் சில நாள் வருவதில்லை என்றான்.

தினேஸ்வரி கோப்பையை வாங்கி வைத்தாள். பிறகு, "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேற யாரோ ஒருத்தி இருக்கானு நெனச்சேன். ஒரு நாளு நீங்க குளிக்கப் போனப்ப போன எடுத்துப் பாத்தேன்."

"என்னா இருந்துச்சு?"

"பூரா புரூனோ படம்தான். ஒக்காந்திருக்கு, படுத்திருக்கு, நாக்கு தொங்கப் போட்டிருக்கு. அப்ப சரி, என்னையத்தான் புடிக்கலனு நெனச்சுக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். அமைதியான சீனப் பெண்மணி. ரத்த முடிவுகளைப் படுக்கையின் மேல் விரித்து அவனுக்குக் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டிய குறைந்த அளவுக்கும் வெகு கீழே இருந்தது. அதைச் செய்யச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோனும் தாழ்ந்தே இருந்தது. சர்க்கரை கூடியிருந்தது. இடுப்பில் இருந்த செந்நீலக் கோடுகள் உடம்பு பருத்ததால் மட்டும் வந்தவை இல்லை என்றார்.

மகேந்திரனுக்கு அந்த இரண்டு எண்களும் பிடித்துப்போயின. அவர் போன பிறகு தினேஸ்வரிக்கு விளக்கினான்.

"மண்வாரியில பெரிய பம்பு இருக்கும். ஆனா கைய தூக்கச் சொல்றது அது இல்ல. பைலட் லைன்னு ஒரு மெல்லிசு குழாய். அதுல வர்ற சின்ன அழுத்தந்தான் பெரிய வால்வ தெறக்கும். அது வரலைனா பம்பு நல்லா இருந்தாலும் கை எந்திரிக்காது. புது ஆளா இருந்தா பம்ப கழட்டிருவான். கழட்டவே தேவையில்ல, பைலட்டு வரல. அவ்வளவுதான்."

"அப்ப ஒங்க பம்பு நல்லாத்தான் இருக்கா?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா என்று அவன் அடுத்த முறை டாக்டரிடம் கேட்டான். அவசரப்பட வேண்டாம், முதலில் கார்ட்டிசோல் சுரப்பி விழிக்கட்டும், பெரும்பாலும் மற்றது தானாகவே பின்னால் வரும், வராவிட்டால் அப்போது பார்க்கலாம் என்றார். மாதக்கணக்கில் ஆகும். முழுதாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது. அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக் குறைத்துத் தருவோம். இடையில் காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும்.

தினேஸ்வரி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக் கண்டெடுத்த மிச்ச மாத்திரைகளை மருத்துவமனை மருந்தாளர் சோதனைக்கு அனுப்பியிருந்தார். மூலிகைத் தூளோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அந்தச் செய்தி கிடைத்த வாரம் மகேந்திரன் சுங்காய்க்குப் போனான்.

சீனி அண்ணன் கடையில் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்தபின் கட்டிய வீடுகளுக்கு நடுவில் இருந்தது கடை. அவரைப் பார்த்ததும் மகேந்திரன் சொல்ல வந்ததை மறந்தான். இத்தனை நாள் இந்த முகத்தை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று தோன்றியது. பௌர்ணமி மாதிரி இருந்தது. குச்சிக் கால்களுக்கு மேல் பெரிய வயிறு.

விஷயத்தைக் கேட்டதும் சீனிக்கு முதலில் கோபம் வந்தது.

"நானும் தானடா சாப்புடறேன்! கெட்டதா இருந்தா நான் வாயில போடுவேனா?"

"அதான் அண்ணே சொல்றேன். கைய காட்டுங்க."

சீனி சட்டைக் கையை மடித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஊதாத் திட்டுகள். மூட்டை உரசியதால் என்று நினைத்திருந்தார். மகேந்திரன் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான். அவன் திட்டுகள் மங்கத் தொடங்கியிருந்தன.

சீனி வெங்காயச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒருத்தன் வேன்ல கொண்டாந்து குடுப்பான். வலி கேக்குதுன்னு சனங்க வந்து வந்து வாங்குச்சு. இந்தத் தாமான்ல பாதி பேருக்கு நாந்தான்டா குடுத்தேன்."

"அப்ப வாங்க, நாமளே போயி சொல்லுவோம். நிறுத்தாதீங்கனு சொல்லணும், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கனு சொல்லணும்."

இருவரும் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனார்கள். சிலர் பயந்தார்கள். சிலர் வலிக்கு நீ மருந்து தருவாயா என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். நவமணி அக்கா என்று ஒருவர், முன்பு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், "அதான் எனக்கு மீசை அரும்புது, ஒனக்கு மீசை கொட்டுதா? நல்ல கூத்து லா இது!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மகனைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். சீனி கடைசி வீட்டுக்குப் போகுமுன் மகேந்திரனின் தோளைப் பிடித்துக்கொண்டார். காலில் தெம்பில்லை என்றார். அவரை அவனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான்.

புரூனோவின் விலாவில் புதுமுடி அரும்பி, கறுப்பாக அடர்ந்தது. டாக்டர் சிகப்பி பார்க்கும்போதெல்லாம் படம் எடுத்துக்கொண்டார். சதாசிவம் அதற்குள் தைப்பிங்கில் வேறு நாய் பார்த்துவிட்டார், யாருக்கும் வருத்தமில்லை. மகேந்திரனின் முகம் மெல்ல மெல்லப் பழைய எலும்புக்குத் திரும்பியது. முழங்கால் வலியும் கூடவே திரும்பி வந்தது. உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போனான், குந்தி வேலை செய்ய ஒரு முக்காலி செய்துகொண்டான். அடுத்த வருடப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவின் கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தது. இன்னும் ஏறும் என்றார் டாக்டர்.

சோபாவில் படுப்பது எப்போது நின்றது என்று இருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் துணி காயப்போடும்போது தினேஸ்வரி கேட்டாள்.

"ஒன்னு கேக்கவா? அந்த ரெண்டு வருசம் என் மேல பாசமும் கொறஞ்சுதா, இல்ல மத்தது மட்டுந்தானா?"

மகேந்திரன் ஈரச் சட்டையை உதறினான். உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதை ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"அப்ப ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியல தினா," என்றான். "இப்பவும் தெரியல. டாக்டர கேட்டேன். அதுக்கு ரத்தப் பரிசோதனை இல்லயாம்."

"அவங்ககிட்டயா கேட்டீங்க?"

"பின்ன யாருகிட்ட கேக்கறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள் அவள். "அப்பல்லாம் நான் தூங்கிட்டேன்னு நெனச்சு வந்து, எனக்குக் குளிருமேன்னு ஃபேன கொறைச்சிட்டுப் போவீங்க. நான் தூங்கல."

அவன் அதை நினைத்துப் பார்த்தான். செய்ததாக நினைவே இல்லை. அவள் கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்து ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள்.